வேளை வைக்கும் நரம்பு, அளவு வைக்கும் உணவு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம். பேச்சின் போக்கில் வந்த கிளைக் கதைகளில் பலவற்றை நீக்கியிருக்கிறேன்.)



இந்த அறக்கட்டளை யார் பெயரில் அமைந்திருக்கிறதோ, அந்தப் பேராசிரியரிடம் நான் உடலியங்கியல் படித்தவன். செரிமானம் பற்றிய வகுப்பை மட்டும் பகல் பன்னிரண்டரைக்கு வைப்பார். எல்லோருக்கும் வயிற்றைக் கிள்ளும் நேரம். காரணம் கேட்டால், பசித்திருப்பவனுக்குத்தான் இந்தப் பாடம் புரியும் என்பார். இன்றைய அமைப்பாளர்களும் அவர் வழியில் போயிருக்கிறார்கள் போலும். பின்பக்கச் சன்னல் வழியாக விடுதிச் சமையற்கூடத்தில் கடுகும் பெருங்காயமும் தாளிக்கும் மணம் மேடை வரை வருகிறது.

உங்களில் யாரும் இன்னும் ஒரு பருக்கையைத் தொடவில்லை. ஆனால் உங்கள் இரைப்பையில் அமிலம் ஊறத் தொடங்கியிருக்கும். சிலருக்கு இரத்தத்தில் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனும் சற்றே ஏறியிருக்கும். மணம்கூட வேண்டியதில்லை. 1986இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. உணவைக் கண்ணில் காட்டாமல், மூக்கில் காட்டாமல், பிடித்த உணவைப் பற்றி அரை மணி நேரம் பேசவைத்தார்கள். உணவை மென்று துப்பும்போது சுரக்கும் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் பேச்சுக்கே சுரந்தது. காஸ்ட்ரினும் உயர்ந்தது. ஆக, நான் பேசுவதால் உங்களுக்கு அறிவு வளர்கிறதோ இல்லையோ, அமிலம் வளரும்.

'இயக்குநீர்' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. வார்டில் பழகிய நாக்கு 'ஹார்மோன்' என்றே சொல்கிறது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடலின் உட்படலத்தில் நூறு செல்லுக்கு ஒன்று என்ற அளவில்தான் ஹார்மோன் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. வயல் முழுக்கத் தூவிய விதை போல அவை சிதறிக் கிடக்கின்றன. தைராய்டு போலவோ அட்ரினல் போலவோ கையில் எடுத்துக் காட்ட ஓர் உறுப்பு கிடையாது. அவற்றை எல்லாம் ஒன்றாகத் திரட்டினால் உடலின் மிகப் பெரிய நாளமில்லாச் சுரப்பி அதுதான். இந்தச் செல்களுக்கு யார் சொல்லி ஹார்மோனை வெளியே விடுகின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி ஒருவர் இருந்தார். எந்த மடையை எந்த நாளில், எந்த நேரத்தில் திறப்பது என்பது அவர் கையில் இருந்தது. திறந்த பிறகு எவ்வளவு பாயும் என்பது அவர் கையில் இல்லை. ஏரியில் எவ்வளவு நீர் கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. என் கருத்தும் இதுதான். குடல் ஹார்மோன் எப்போது வெளிவர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நரம்பு வைக்கிறது. எவ்வளவு வெளிவர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் உள்ளே வந்த உணவு வைக்கிறது. 'பெரும்பாலும்' என்று இரண்டு முறை சொன்னேன். அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்பவற்றையும் மறைக்காமல் சொல்கிறேன்.

1

கதை ரஷ்யாவில் தொடங்குகிறது. பாவ்லோவ் என்றதும் நமக்கு மணியும் எச்சிலும்தான் நினைவுக்கு வரும். அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது செரிமானச் சுரப்பிகளின் வேலையைக் கண்டதற்காக. 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவரும் எகதெரீனா ஷுமோவா-சிமனோவ்ஸ்கயா என்ற பெண் மருத்துவரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். நாயின் உணவுக்குழலைக் கழுத்தில் வெட்டி, வெட்டிய முனைகளைத் தோலுக்குக் கொண்டுவந்து தைத்தார்கள். இரைப்பையில் ஒரு குழாய் பொருத்தினார்கள். நாய் இறைச்சியை ஆவலாகத் தின்னும். விழுங்கியது கழுத்துத் துளை வழியாகக் கீழே விழும். இரைப்பைக்கு ஒரு துண்டும் போய்ச் சேராது. ஆனாலும் ஐந்தாறு நிமிடத்தில் இரைப்பைக் குழாயில் தெளிந்த நீர் சொட்டத் தொடங்கும். மூளையிலிருந்து மார்பு வழியாக வயிற்றுக்கு இறங்கும் வேகஸ் நரம்புகளை வெட்டிவிட்டால் சொட்டாது.

வேகஸ் என்ற இலத்தீன் பெயருக்கு அலைபவன் என்று பொருள். தலையில் புறப்பட்டு இதயம், நுரையீரல், இரைப்பை, குடல் என்று அலைந்து திரிகிற நரம்பு அது. செரிமானம் முழுவதும் அதன் ஆட்சிதான் என்று பாவ்லோவின் ஆய்வுக்கூடம் நம்பியது. நம்பக் காரணமும் இருந்தது.

2

அந்த நம்பிக்கையில் முதல் விரிசலை உண்டாக்கியவர் அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த போப்பியெல்ஸ்கி. வேகஸையும் பரிவு (சிம்பதெடிக்) நரம்புகளையும் வெட்டிய பிறகும், முன்சிறுகுடலில் அமிலம் விட்டால் கணையம் சுரக்கிறது என்று அவர் கண்டார். கண்டும், கணையத்துக்குள்ளேயே ஏதோ ஒரு குட்டி நரம்புச் சுற்று இருக்க வேண்டும் என்று விளக்கம் சொன்னார். நரம்பில்லாமல் சுரப்பு இருக்க முடியும் என்று நினைக்கவே அந்தக் கூடத்தில் இடம் இருந்திருக்காது.

நினைத்தவர்கள் லண்டனில் இருந்தார்கள். வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங். இருவரும் மைத்துனர்கள், ஸ்டார்லிங்கின் தங்கையை மணந்தவர் பேலிஸ். 1902 ஜனவரி 16 அன்று யுனிவர்சிட்டி காலேஜில், மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு வளையத்தை இரு முனையிலும் கட்டினார்கள். அதற்கு வரும் நரம்புகளைச் சுரண்டி வெட்டினார்கள். தமனியும் சிரையும் மட்டுமே அந்த வளையத்துக்கும் உடலுக்கும் மிச்சமிருந்த உறவு. அதற்குள் அமிலம் விட்டார்கள். கணையம் சுரந்தது. உடனே அந்தக் குடலின் உட்படலத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாயின் கழுத்துச் சிரையில் ஏற்றினார்கள். கணையம் மறுபடியும் சுரந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரிடின் என்று பெயர் வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1905இல் ஆற்றிய ஒரு சொற்பொழிவுத் தொடரில்தான் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற சொல்லை முதலில் பயன்படுத்தினார். சொற்பொழிவுகளால் சில வேளை நன்மையும் உண்டு.

இந்தச் செய்தி ரஷ்யாவுக்குப் போனது. பாவ்லோவ் தன் கூடத்திலேயே அதைச் செய்யச் சொல்லிப் பார்த்தார். பேசாமல் தன் அறைக்குப் போய், அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து, அவர்கள் சொல்வதுதான் சரி என்று ஒப்புக்கொண்டதாக அவருடைய மாணவர் பாப்கின் எழுதியிருக்கிறார். எனக்குப் பாவ்லோவின் மற்ற எல்லாச் சாதனைகளையும்விட அந்த அரை மணி நேரத்தின் மேல் மதிப்பு அதிகம்.

அன்று முதல் பாடநூல்களில் இது ஒரு வழக்காகவே மாறிவிட்டது: நரம்புக் கட்சி தோற்றது, ஹார்மோன் கட்சி வென்றது. நாங்களும் அப்படித்தான் படித்தோம். ஆனால் பேலிஸும் ஸ்டார்லிங்கும் எதை வெட்டினார்கள், எதை வெட்டவில்லை என்று ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். குடலுக்கு வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டினார்கள். குடல் சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்பு வலையை வெட்டவில்லை. கத்தியால் வெட்டவும் முடியாது. தசை அடுக்குகளுக்கு நடுவில் ஆயர்பாக் கண்ட பின்னல், உட்படலத்துக்குக் கீழே மைஸ்னர் கண்ட பின்னல் என இரண்டு உண்டு. இரண்டிலும் சேர்ந்து பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புச் செல்கள். மூளையிலிருந்து வேகஸ் வழியாக இறங்கும் கட்டளை இழைகளோ ஆயிரக்கணக்கில்தான். மேலிடத்து உத்தரவு தாலுகா அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்துதான் ஊருக்குப் போகிறது. வேகஸ் இழை ஹார்மோன் செல்லை நேராகத் தொடுவது அரிது. குடல் சுவரின் நரம்புச் செல்லிடம் சொல்லிவிட்டு நின்றுவிடும். இதில் வேடிக்கை, குடல் சுவருக்குள்ளேயே இப்படி ஒரு நரம்பு ஆட்சி நடக்கிறது என்று 1899இல், குடல் அசைவை வைத்து, எழுதியவர்களே இந்தப் பேலிஸும் ஸ்டார்லிங்கும்தான்.

பிற்கால ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. உடலில் இயல்பாகச் சுரக்கும் அளவில் செக்ரிடின் வேலை செய்யும்போது, அட்ரோபின் கொடுத்தால் கணையத்தின் பதில் குறைகிறது. அட்ரோபின் என்பது அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்திப்பொருளின் வாயை அடைக்கும் மருந்து. அதாவது, நரம்பில்லாமலும் வேலை செய்யும் என்று எதை வைத்து நிறுவினார்களோ, அந்த ஹார்மோனே சாதாரண நாளில் நரம்பின் துணையோடுதான் வேலை செய்கிறது. நரம்பு இல்லாமல் முடியும் என்பதும், நரம்பு சேர்வதில்லை என்பதும் ஒன்றல்ல. நூறாண்டுக் குழப்பத்தில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தது.

3

காஸ்ட்ரினிடம் வருகிறேன். இதில் கொஞ்சம் தங்கப் போகிறேன். என் கருத்துக்கு முதல் சாட்சி இதுதான்.

1905இல் ஜான் எட்கின்ஸ் இரைப்பையின் கீழ்ப்பகுதிச் சாற்றை ஊசியில் ஏற்றினால் அமிலம் சுரக்கிறது என்று கண்டு, அதற்குக் காஸ்ட்ரின் என்று பெயர் வைத்தார். பிறகு, அந்தச் சாற்றில் இருப்பது ஹிஸ்டமின்தான், புதுப் பொருள் ஒன்றும் இல்லை என்று மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். ஹிஸ்டமினும் அமிலத்தைச் சுரக்கவைக்கும் என்பது உண்மைதான். எட்கின்ஸ் 1940இல் இறந்தார். லிவர்பூலில் கிரெகரியும் டிரேசியும் பன்றி இரைப்பையிலிருந்து காஸ்ட்ரினைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, பதினேழு அமினோ அமிலம் கொண்ட பெப்டைடு அது என்று காட்டியது 1964இல்.

வேகஸுக்கும் காஸ்ட்ரினுக்கும் உறவு உண்டு என்று ஸ்வீடனின் உவ்னாஸ் 1942லேயே சொன்னார். வேகஸைத் தூண்டும்போது சுரக்கும் அமிலம், இரைப்பையின் கீழ்ப்பகுதியை எடுத்துவிட்டால் வெகுவாகக் குறைந்தது. காஸ்ட்ரின் சுரக்கும் செல்கள் இருப்பதும் அங்கேதான். அப்படியானால் நரம்பு ஹார்மோனை விடுவிக்கிறது, ஹார்மோன் அமிலத்தை விடுவிக்கிறது. எளிய கணக்கு.

கணக்கு உதைத்தது அட்ரோபினிடம். வேகஸின் செய்திப்பொருள் அசிட்டைல்கோலின். அதை அட்ரோபின் தடுக்கும். ஆகவே அட்ரோபின் கொடுத்தால் காஸ்ட்ரின் குறைய வேண்டும். மனிதர்களை உணவை மென்று துப்பச் சொல்லி, அட்ரோபின் கொடுத்துப் பார்த்தார்கள். அமிலம் குறைந்தது. காஸ்ட்ரின் குறையவில்லை, கூடியது. நான் முதுநிலை மாணவனாக இந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன்.

விடை ஒரு தவளையிடம் இருந்தது. இத்தாலியின் எர்ஸ்பாமர் உலகெங்குமிருந்து தவளைத் தோல்களைச் சேகரித்து, அவற்றில் என்னென்ன பெப்டைடு இருக்கிறது என்று பார்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருந்தவர். பொம்பினா என்ற ஐரோப்பியத் தவளையின் தோலிலிருந்து பதினான்கு அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடை எடுத்து, பொம்பசின் என்று பெயரிட்டார். அதை விலங்குகளுக்குக் கொடுத்தால் காஸ்ட்ரின் பொங்கியது. தவளைத் தோல் நம் வயிற்றில் இல்லை. ஆனால் அதன் பங்காளி நம் வயிற்றில் இருக்கிறது என்று 1970களின் கடைசியில் தெரிந்தது. பன்றி இரைப்பையிலிருந்து எடுத்த அந்தப் பெப்டைடில் இருபத்தேழு அமினோ அமிலங்கள். வால்பகுதி பொம்பசினைப் போலவே இருந்தது. 'காஸ்ட்ரின் விடுவிப்புப் பெப்டைடு' என்று அதன் வேலையையே அதற்குப் பெயராக வைத்தார்கள். அது இருந்த இடம் இரைப்பைச் சுவரின் நரம்பு இழைகள். அட்ரோபினால் தடுக்க முடியாத வாய் அதுதான்.

சரி, அட்ரோபினால் காஸ்ட்ரின் கூடியது ஏன்? இங்கே மூன்றாவது ஆள் வருகிறார். காஸ்ட்ரின் செல்லுக்குப் பக்கத்திலேயே டி செல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. சொமாட்டோஸ்டாடின் என்ற பெப்டைடைச் சுரக்கிறது. அதன் வேலை, பக்கத்து வீட்டுக்காரரின் வாயைப் பொத்துவது. அந்தச் செல்லுக்கு நீண்ட வால் ஒன்று உண்டு. அதைக் காஸ்ட்ரின் செல்லின் மேலேயே சாய்த்து வைத்திருக்கும். ஓய்வில் இருக்கும் இரைப்பையில் இந்தப் பூட்டு எப்போதும் போட்டபடியே இருக்கிறது. வேகஸ் பேசும்போது குடல் நரம்பு இரண்டு கையாலும் வேலை செய்கிறது. ஒரு கையில் அசிட்டைல்கோலின். டி செல்லை அடக்கிப் பூட்டைக் கழற்றுகிறது. மறு கையில் விடுவிப்புப் பெப்டைடு. காஸ்ட்ரின் செல்லை நேராகத் தட்டி எழுப்புகிறது. அட்ரோபின் சோதனையில் நடந்தது இதைவிடவும் சிக்கல். இந்தப் பெப்டைடு நரம்பை அடக்கிவைக்கும் ஓர் அசிட்டைல்கோலின் பாதையும் உண்டு என்றும், சிறு அளவு அட்ரோபின் முதலில் அதைத்தான் அடைக்கிறது என்றும் ஒரு விளக்கம். அமிலம் குறைந்ததால் டி செல்லும் சோர்ந்துவிட்டது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம்.

இப்போது அளவு. மணமும் மெல்லுதலும் காஸ்ட்ரினை உயர்த்துவது கொஞ்சம்தான். பெரிய உயர்வு வருவது புரதம் இரைப்பைக்குள் இறங்கி, அமினோ அமிலங்களும் சிறு பெப்டைடுகளும் காஸ்ட்ரின் செல்லின் வாசலை நேராகத் தொடும்போது. நிறுத்துவதும் உள்ளிருப்புதான். பி.எச். 3க்குக் கீழே இறங்கிவிட்டால் அமிலமே டி செல்லைத் தட்டிப் பூட்டைப் போட்டுவிடும். மடையைத் திறக்கச் சொன்னவர் நரம்பு. எவ்வளவு பாய்ந்தது, எப்போது போதும் என்பதை உணவும் அமிலமும் பார்த்துக்கொண்டன.

4

அடுத்த சாட்சி, நரம்பின் பக்கம் முழுக்கச் சாய்ந்தவர். கணையப் பாலிபெப்டைடு. முப்பத்தாறு அமினோ அமிலம். கணையத்தின் தலைப்பகுதியில் சுரக்கிறது. டென்மார்க்கில் ஷ்வார்ட்ஸ் குழுவினர் 1978இல் காட்டியபடி, இதன் சுரப்பு ஏறத்தாழ முழுதும் வேகஸின் அசிட்டைல்கோலின் கட்டளையில் நடக்கிறது. மென்று துப்பினால் ஏறும். இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை இறக்கினால் ஏறும். மூளை பயந்துபோய் வேகஸைத் தூண்டுவதே காரணம். வேகஸை வெட்டியவருக்கு இந்த இரண்டிலும் ஏறாது. ஆகவே இந்த ஹார்மோனை மருத்துவர்கள் ஒரு சோதனைக் கருவியாகவே பயன்படுத்தினார்கள். வேகஸ் அறுவை முழுமையாக நடந்ததா, நெடுநாள் சர்க்கரை நோயாளிக்கு வேகஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அறிய, மென்று துப்பச் சொல்லி இரத்தத்தில் இதை அளந்தார்கள்.

என் கருத்துக்கு இது விலக்கு என்று நீங்கள் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். இங்கே நீர்க்கட்டியே ஏரியாகவும் இருக்கிறார்.

5

இனி உணவையே பார்க்காத செல்கள். குடலின் ஹார்மோன் செல்களில் இரண்டு வகை. ஒரு வகைக்குக் குடலின் உட்புறம் நோக்கி ஒரு சன்னல் உண்டு. வந்த உணவை எட்டிப் பார்த்துச் சுவைக்கும். இன்னொரு வகைக்குச் சன்னல் இல்லை. பசியைத் தூண்டும் கிரெலின் இரைப்பையில் அப்படிப்பட்ட சன்னலில்லாச் செல்லில்தான் பெரும்பகுதி சுரக்கிறது. ஜப்பானில் கோஜிமாவும் கங்காவாவும் 1999இல் கண்ட ஹார்மோன் அது. இருபத்தெட்டு அமினோ அமிலம். சாப்பாட்டுக்கு முன்னால் ஏறி, சாப்பிட்ட பின் இறங்கும். உணவைப் பார்க்காத செல்லுக்குச் சாப்பாட்டு நேரம் எப்படித் தெரிகிறது?

ஒரு வழி, பரிவு நரம்பு. அமெரிக்காவில் பிரவுனும் கோல்ட்ஸ்டைனும் இருந்த குழு 2010இல் எலிகளில் இதைக் காட்டியது. கிரெலின் செல்லில் பீட்டா-1 ஏற்பிகள் ஏராளம். பரிவு நரம்பின் செய்திப்பொருளான நோரட்ரினலின் வந்து தொட்டால் கிரெலின் வெளிவரும். பட்டினி கிடந்த எலிக்கு, அந்த ஏற்பியை அடைக்கும் அட்டெனலால் மருந்தைக் கொடுத்தால் அந்த உயர்வு அடங்கும். இந்த அரங்கில் காலையில் அட்டெனலால் போட்டுவிட்டு வந்திருப்பவர்கள் சிலராவது இருப்பீர்கள். அது எலியில் கண்டது, மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இன்னொரு செய்தி மனிதரிடம் கண்டது: கிரெலின் ஏறும் நேரம், அவரவர் வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை ஒட்டியே அமைகிறது. பதினொரு மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவருக்குப் பதினொன்றுக்கு முன்னும், இரண்டு மணிக்காரருக்கு இரண்டுக்கு முன்னும். வேளை என்று நான் சொல்வது இதைத்தான்.

மோட்டிலின் என்ற ஹார்மோனும் வேளை பார்த்து ஏறுவதுதான். வெறும் வயிற்றில், தொண்ணூறு முதல் நூற்றிருபது நிமிடத்துக்கு ஒரு முறை, இரைப்பையிலிருந்து ஓர் அலை எழுந்து சிறுகுடல் முழுவதையும் கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகிறது. அந்த அலை இரைப்பையில் எழும் நேரத்தில் இரத்தத்தில் மோட்டிலின் உச்சத்தில் இருக்கிறது. வெறும் வயிற்றில் கேட்கும் கடாமுடா ஓசையில் பாதி இவர் வேலை. நாயில் அட்ரோபின் கொடுத்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்குகிறது. எரித்ரோமைசின் சாப்பிட்டவர்களுக்கு வயிற்றைப் பிசைவதற்குக் காரணம், அந்த மருந்து மோட்டிலினின் பூட்டில் பொருந்தும் கள்ளச்சாவி. ஆய்வுக்கூடத்து எலிகளிடம் மோட்டிலின் வேலை செய்வதில்லை. ஆகவே இதைப் பற்றி நமக்குத் தெரிந்ததும் குறைவு.

6

இப்போது எல்லோரும் கேட்க விரும்பும் ஹார்மோன். ஜி.எல்.பி.-1. உடல் இளைக்கும் ஊசி என்று செய்தித்தாளில் படிக்கிறீர்களே, அது இதன் சாயலில் செய்த மருந்து.

இந்த ஹார்மோனைச் சுரக்கும் எல் செல்கள் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் பெருங்குடலிலும் நெருக்கமாக இருக்கின்றன. சாப்பிட்ட சோறு அங்கே போய்ச் சேர வெகு நேரமாகும். ஆனால் சாப்பிடத் தொடங்கிய பத்துப் பதினைந்து நிமிடத்திலேயே இரத்தத்தில் இது உயர்ந்துவிடுகிறது. விருந்தாளி தெருமுனைக்கு வரும் முன்பே கடைசி அறையில் விளக்கு எரிகிறது. யார் சொன்னது? டொரன்டோவில் ரோக்காவும் புரூபேக்கரும் 1999இல் எலியின் முன்சிறுகுடலில் மட்டும் கொழுப்பை விட்டார்கள். தூரத்து எல் செல்கள் பதில் சொல்லின. வேகஸை வெட்டியதும் பதில் நின்றது. நரம்புதான் தூது போயிருக்கிறது என்று முடிவாயிற்று.

இத்தோடு நான் நிறுத்திக்கொண்டால் என் கருத்துக்கு அழகாக இருக்கும். நிறுத்துவது நியாயமில்லை. கோபன்ஹேகனில் ஹோல்ஸ்ட் குழு பன்றிக் குடலில் 2004இல் இதையே பார்த்தபோது, வேகஸைத் தூண்டியும் ஜி.எல்.பி.-1 அசையவில்லை. பரிவு நரம்பைத் தூண்டினால் குறைந்தது. சொமாட்டோஸ்டாடின் பூட்டு இங்கும் பலமாக இருந்தது. எலி ஒன்று சொல்கிறது, பன்றி இன்னொன்று சொல்கிறது. மனிதன் எந்தப் பக்கம்? மனிதனில் எல் செல்கள் மேல் சிறுகுடலிலும் கொஞ்சம் இருக்கின்றன. இரைப்பையிலிருந்து முதல் கவளங்களின் சாறு விரைவிலேயே அங்கே இறங்கிவிடும். அந்த முதல் உயர்வுக்கு நரம்பே தேவையில்லை என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். வாதம் வலுவானது. எடை குறைக்க இரைப்பை மாற்றுவழி அறுவை செய்தவர்களுக்கு, உணவு நேராகச் சிறுகுடலுக்குள் பாய்வதால், இந்த ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது. அளவை உணவு வைக்கிறது என்ற என் கருத்தின் பாதிக்கு இது பலம். வேளையை நரம்பு வைக்கிறது என்ற மறுபாதி, இந்த ஒரு ஹார்மோனைப் பொறுத்தவரை, இன்னும் தீர்ப்பாகவில்லை.

7

நரம்பு சொல்ல, ஹார்மோன் கேட்பது மட்டுமே இதுவரை சொன்னது. எதிர்த்திசையிலும் போக்குவரத்து உண்டு, அதுதான் அதிகம். வேகஸ் நரம்பின் இழைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வயிற்றிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகிறவை. பசி அடங்கியது என்று சொல்லும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் இந்த இழைகளின் வழியாகத்தான் பேசுகிறது. வேகஸை வெட்டிய எலிக்கு அதைக் கொடுத்தால் சாப்பாடு குறைவதில்லை. ஜி.எல்.பி.-1 இரத்தத்தில் இரண்டு நிமிடம்கூட முழுதாக நிற்பதில்லை. பெரும்பகுதி குடலை விட்டு வெளியேறும் முன்பே நொதியால் துண்டாகிவிடுகிறது. இவ்வளவு அற்பாயுளில் அது மூளை வரை நடந்து போவதைவிட, வாசலிலேயே இருக்கும் நரம்பு முனையிடம் சொல்லிவிட்டுச் சாவதுதான் இயல்பு. உடல் இளைக்க ஊசியாகப் போடும் செமாக்ளூட்டைடு ஒரு வாரம் நிற்பதுபோல் செய்யப்பட்டது. அதன் வழி வேறு.

2018இல் டியூக் பல்கலைக்கழகத்தில் போஹோர்கெஸ் குழு எலியில் இன்னொன்றைக் காட்டியது. சில ஹார்மோன் செல்கள் நரம்பு இழையோடு நேராக முடிச்சுப் போட்டிருக்கின்றன. சர்க்கரை தொட்டதும், ஹார்மோன் வரும் வரை காத்திராமல், குளுட்டமேட் என்ற பொருள் மூலம் மில்லி நொடிகளில் செய்தி அனுப்புகின்றன. ஹார்மோன் செல் என்று நாம் பெயர் வைத்தது பாதி நரம்புச் செல்லாகவே நடந்துகொள்கிறது. என் நீர்க்கட்டி உவமை இங்கே கொஞ்சம் உடைகிறது என்று எனக்குத் தெரியும். ஏரி எழுந்து வந்து நீர்க்கட்டியின் தோளைத் தட்டுகிறது.

கடைசியாக ஒன்று. இது நம் ஊரைச் சேர்ந்தது. மாணவர்களை நோக்கியே சொல்கிறேன். சிகாகோவில் டிராக்ஸ்டெட் 1943இல் அல்சருக்காக வேகஸை வெட்டும் அறுவையைத் தொடங்கிவைத்தார். தென்னிந்தியாவில் முன்சிறுகுடல் புண் மிகுந்திருந்த காலம் ஒன்று இருந்தது. நான் பயிற்சி மருத்துவனாக இருந்தபோது அறுவைப் பட்டியலில் வேகஸை வெட்டி இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவை இல்லாத நாள் அரிது. வார்டில் 'ஜி.ஜே.' என்றால் ஆயா அம்மாவுக்கும் புரியும். அமிலத்தை அடக்கும் மாத்திரைகள் வந்தன. பிறகு மார்ஷலும் வாரனும் புண்ணுக்குக் காரணமான கிருமியைக் காட்டினார்கள். அறுவை மறைந்துவிட்டது. ஆனால் வெட்டிய நரம்போடு வீட்டுக்குப் போனவர்கள் மறையவில்லை.

டென்மார்க்கில் அப்படிப்பட்ட சிலரைத் தேடிப் பிடித்து ஆராய்ந்திருக்கிறார்கள். குளுக்கோஸ் குடித்தபின் அவர்களுக்கு ஜி.எல்.பி.-1 குறையவில்லை, கூடியது; இரைப்பையின் கீழ்வாசல் அகலப்படுத்தப்பட்டதால் சர்க்கரை வேகமாகக் கீழே பாய்ந்ததே காரணமாக இருக்கலாம். ஆனால் ஜி.எல்.பி.-1ஐ ஊசியாக ஏற்றியபோது, மற்றவர்களிடம் சாப்பாட்டைக் குறைத்த அது, இவர்களிடம் குறைக்கவில்லை. இரண்டே ஆய்வுகள், சில பேர். ஆண்கள் மட்டும்.

என்னிடம் பல ஆண்டு வந்துகொண்டிருந்த ஒரு விவசாயி, ஜி.ஜே. தழும்புக்காரர், ஒரு முறை சொன்னார்: "பசின்னு ஒண்ணு தெரியறதில்லீங்க. வெயில் எங்க நிக்குதுன்னு பார்த்துத்தான் சோத்துல கை வைக்கிறேன்." ஒருவர் சொல் சான்றாகாது, அதை நான் எந்த ஆய்வேட்டிலும் எழுதவில்லை. அவருக்குக் கிரெலின் எந்த நேரத்தில் ஏறியது, மோட்டிலின் அலை வந்ததா, மெல்லும்போது காஸ்ட்ரின் எழுந்ததா என்று அளந்து பார்க்க அன்று எனக்குத் தோன்றவில்லை. அவரைப் போன்றவர்கள் நம் மாவட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். மேல்வயிற்றின் நடுவில் நீளத் தழும்பு இருக்கும். பெரும்பாலோர் எழுபதைக் கடந்தவர்கள். நாளைக் காலைப் புறநோயாளிப் பிரிவில் அப்படி ஒருவர் வந்தால், மருந்துச் சீட்டை எழுதிக் கொடுக்கும் முன் உட்காரவைத்து, காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், ஏன் அந்த நேரத்தில் சாப்பிட்டார் என்று கேளுங்கள்.

தாளித்து முடித்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்களை இனியும் பிடித்துவைக்க மாட்டேன்.